கோபிநத்தம்: வலிய சீட்டும் முந்திப் பேசும் இருக்கையும்

வரம்பற்ற போக்கர் ஆட்டத்தில் புதியவர் ஒருவர் பெருந்தொகையை இழப்பது பெரும்பாலும் மோசமான சீட்டினால் நேர்வதில்லை. மோசமான சீட்டை அவர் தயங்காமல் கவிழ்த்துவிடுகிறார். இழப்பு சிறிதாகவே முடிகிறது. கையில் ஒரு ஜாக்கி ஜோடியோ, ஏஸும் ராஜாவும் சேர்ந்தோ வந்திருக்கும். அதே வேளையில் எதிராளிக்கு முன்னதாகப் பேச வேண்டிய இருக்கையும் அவருக்கு வாய்த்திருக்கும். கையிருப்பு முழுவதும் கரைவது இத்தகைய தருணங்களில்தான். ஆட்டக்காரர்கள் இதனை அனுபவத்தால் அறிவர். சமூக அறிவியல் பயில்வோர்க்கு இதில் பொதுவான ஒரு வினா உண்டு: வலிமை என்பது ஒருவர் கையிலுள்ள பொருளின் பண்பா, அவர் நிற்கும் இடத்தின் பண்பா? இந்த வினாவை ஆட்டக் கணக்கில் தொடங்கி, தமிழக எல்லையை ஒட்டிக் கர்நாடகத்தில் அமைந்துள்ள கோபிநத்தம் என்னும் சிற்றூரின் வரலாறு வரை கொண்டுசெல்ல இக்குறிப்பு முயல்கிறது.

முதலில் ஆட்டம். டெக்சஸ் ஹோல்டம் என்னும் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் ஐந்து பொதுச் சீட்டுகள் மேசையின் நடுவே மூன்று கட்டங்களாகத் திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, இறுதியில் ஒன்று. திறப்பதற்கு முன் ஒரு சுற்றும், ஒவ்வொரு திறப்புக்குப் பின் ஒரு சுற்றுமாக நான்கு முறை பந்தயம் நடக்கும். வரம்பற்ற ஆட்டம் என்பதன் பொருள், எந்தச் சுற்றிலும் எவரும் தம் கையிருப்பு முழுவதையும் வைக்கலாம் என்பதே. மேசையில் ஒரு வில்லை உண்டு. பொதுச் சீட்டுகள் திறந்த பிறகு வரும் எல்லாச் சுற்றுகளிலும் அந்த வில்லைக்கு உரியவர் கடைசியாகப் பேசுவார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வில்லை ஓர் இருக்கை நகரும்.

ஆடுபுலி ஆட்டத்தில் இரு தரப்புக் காய்களும் கண்ணெதிரே இருக்கின்றன. அங்கு இடம் என்பது கோடுகளின் மேலுள்ள இடம். போக்கரில் இடம் என்பது வரிசையில் உள்ள இடம்: யார் யாருக்குப் பின் பேசுகிறார் என்பது. பின்னால் பேசுபவர் எதிராளியின் செயலைக் கண்டபின் முடிவெடுக்கிறார். முன்னால் பேசுபவர் அதனை ஊகித்து முடிவெடுக்கிறார். சீட்டுகள் மறைந்திருக்கும் ஆட்டத்தில் செயல்தான் கிடைக்கும் ஒரே செய்தி. ஜான் வான் நியூமன் 1928இல் எழுதிய கட்டுரையிலும், ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னுடன் இணைந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலிலும் போக்கரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே. மனிதர் ஒருவரையொருவர் முழுமையாக அறியாமல் முடிவெடுக்கும் நிலையைச் சதுரங்கத்தைவிட இது நெருக்கமாகக் காட்டுகிறது.

இப்போது கணக்கு. 52 சீட்டுகளிலிருந்து இரண்டைத் தெரிவு செய்ய 1,326 வழிகள் உண்டு. அவற்றுள் ஏஸ் ஜோடி ஆறே வழிகளில் அமையும். அதாவது 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஏதோ ஒரு கைக்கு எதிராக ஏஸ் ஜோடி இறுதிவரை சென்றால் ஏறத்தாழ 85 விழுக்காடு வெல்லும். அத்தகைய எதிராளிகள் நால்வரானால் அது 56 விழுக்காடாகக் குறைகிறது. அடுத்த நிலைக் கைகளின் நிலை இன்னும் நுட்பமானது. ஜாக்கி ஜோடி பிடித்தவர், முதல் மூன்று பொதுச் சீட்டுகளிலேயே தம் ஜோடியைவிட உயர்ந்த சீட்டு ஒன்றையேனும் 57 விழுக்காடு முறை காண்பார். ஏஸும் ராஜாவும் பிடித்தவர்க்கு அம்மூன்றில் தம் சீட்டுக்கு இணை கிடைப்பது மூன்றில் ஒருமுறைதான். ஆக, தொடக்கத்தில் வலியதாகத் தோன்றும் கையின் வலிமை ஒரு வாக்குறுதி மட்டுமே. அது பின்வரும் சுற்றுகளில்தான் உறுதிப்படவோ பொய்க்கவோ செய்கிறது. அந்தச் சுற்றுகளில் முதலில் வாய் திறக்க வேண்டியவர் யார் என்பது ஆகவே முக்கியமாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. இருவரிடமும் 100 அலகுகள் உள்ளன. வில்லைக்கு உரியவர் 3 அலகாக உயர்த்துகிறார். முந்திப் பேசும் இருக்கையிலுள்ளவர் ஜாக்கி ஜோடியுடன் அதை ஏற்கிறார். மூன்றாமவர் கட்டாயமாக வைத்திருந்த 1 அலகை விட்டு விலகுகிறார். நடுவே 7 அலகுகள். பொதுச் சீட்டுகளில் ஒரு ராஜா விழுகிறது. ஜாக்கி பிடித்தவர் பந்தயம் வைத்தால், அவரைவிட வலியவர் மட்டுமே பெரும்பாலும் ஏற்பார், மெலியவர் விலகுவார். வைக்காமல் விட்டால், எதிராளி ராஜா பிடித்தும் வைக்கலாம், ஒன்றுமில்லாமலும் வைக்கலாம். இதே குழப்பம் அடுத்த இரு சுற்றுகளிலும் தொடரும். ஒவ்வொரு சுற்றிலும் நடுவிலுள்ள தொகைக்கு ஈடாகப் பந்தயம் நடந்தால் 7, 21, 63 எனத் தொகை பெருகும். தொடக்கத்தில் வைத்த 3 அலகையும் சேர்த்தால் 94. மூன்று அலகில் தொடங்கியவர் மூன்றே கேள்விகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பணயம் வைத்துவிடுகிறார். பந்தயத்துக்கு வரம்புள்ள ஆட்டத்தில் இந்தத் தவறு சிறியது. வரம்பற்ற ஆட்டத்தில் அதுவே முழு இழப்பு.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதற்கு மூன்று வழிகளைக் கைக்கொள்கின்றனர். முதலாவது, முந்திப் பேசும் இருக்கையில் ஆடும் கைகளின் எண்ணிக்கையைக் குறைத்தல். இரண்டாவது, ஆடுவதானால் தொடக்கத்திலேயே பெரிதாக உயர்த்துதல்: மேலே சொன்ன ஆட்டத்தில் 3 அலகை ஏற்பதற்கு மாறாக 12 அலகாக உயர்த்தி அதை எதிராளி ஏற்றால், நடுவே 25 அலகு சேர்ந்துவிடும், மீதமுள்ளது 88. பின்வரும் கேள்விகளின் எண்ணிக்கை குறையும். இருக்கையின் குறையும் அந்த அளவுக்குச் சுருங்கும். மூன்றாவது, இவை இரண்டையும்விட எளியதும் கடினமானதும் ஆகும்: காத்திருத்தல். வில்லை நகரும், இருக்கை மாறும்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளமையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். வலிமையை அளந்தறிவது முதற்படி. அதோடு நின்றுவிடாமல், காலமும் இடமும் தனித்தனி அறிவாக வேண்டப்படுகின்றன. இடனறிதலில் வரும் முதலை உவமையை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆழ்நீரில் வெல்லும் அதே உயிர், நீர்விட்டு நீங்கியதும் தோற்கிறது. உடலில் எதுவும் குறையவில்லை. இடம் மட்டுமே மாறியிருக்கிறது. 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல்: எவரை, எதுவரை நம்புவது என்னும் ஆய்வு. கோபிநத்தத்தின் கதைக்கு இந்த நான்காவதும் தேவைப்படும்.

கோபிநத்தம் மாதேசுவர மலைத்தொடரின் காட்டுக்குள், பாலாறும் காவிரியும் கூடும் பகுதிக்கு அண்மையில் உள்ள ஊர். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. மாநில மறுசீரமைப்பில் மைசூருடன் இணைந்தது. ஊரின் பேச்சு தமிழாகவே நீடித்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை ஊர் மைசூர் மாவட்டத்துக்குட்பட்டிருந்தது. சந்தனமும் யானைத் தந்தமும் கடத்திய வீரப்பன் பிறந்த ஊர் என்பதால் அதன் பெயர் வெளியுலகம் அறிந்ததாயிற்று. 1986இல் பிடிபட்டுத் தப்பிய பிறகு, ஏறத்தாழ 18 ஆண்டுகள் இரு மாநில அரசுகளின் தேடலுக்கு அவர் அகப்படவில்லை.

அரசிடம் இருந்த சீட்டு எவ்வகையில் பார்த்தாலும் வலியது: படை, பணம், ஆயுதம், சட்டம். எதிர்த்தரப்பில் ஒரு சிறு கூட்டம். ஆயினும் காட்டில் ஒவ்வொரு முறையும் முதலில் அசைய வேண்டியது அரசாகவே இருந்தது. ஊர்தி எந்தச் சாலையில் வரும் என்பது கூட்டத்துக்குத் தெரியும். கூட்டம் எந்தச் சரிவில் இருக்கிறது என்பது ஊர்தியில் வருபவர்க்குத் தெரியாது. 1992 ஆகஸ்ட் 14 அன்று மீண்யம் அருகே மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதும் உடன் சென்ற காவலர்களும் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தனர். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் காவலர், வனத்துறையினர், தகவலாளிகள் என 22 பேர் மாண்டனர். இருமுறையும் அரசின் கை வலியதே. இருமுறையும் அது முந்திப் பேசியது.

இவற்றுக்கு முன் நிகழ்ந்ததுதான் இக்குறிப்பின் மையம். ராஜமுந்திரியில் 1954இல் பிறந்து, இந்திய வனப்பணியில் 1979இல் சேர்ந்த பி. ஸ்ரீநிவாஸ், துணை வனப் பாதுகாவலராக இப்பகுதியில் பணியாற்றினார். துப்பாக்கியால் தேடுவதை மட்டும் அவர் நம்பியிருக்கவில்லை. கோபிநத்தத்திலேயே தங்கினார். ஊருக்கு மருத்துவ வசதி கொண்டுவந்தார்; மாரியம்மன் கோயில் எழுப்ப உதவினார்; கடத்தல் கூட்டத்தோடு தொடர்புடையவர்கள் சிலர் அவருடைய முயற்சியால் சரணடைந்தனர். வீரப்பனின் தம்பி அர்ஜுனன் வழியாக, சரணடைய விருப்பம் என்றும் ஆயுதமின்றி வந்து சந்திக்க வேண்டும் என்றும் செய்தி வந்தது. 1991 நவம்பர் 10 அன்று அவர் ஆயுதமின்றிக் காட்டுக்குள் சென்றார். அங்கே கொல்லப்பட்டார், தலை துண்டிக்கப்பட்டது. வயது 37. அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கிச் சிறப்பித்தது.

இந்நிகழ்வை ஏமாளித்தனம் என்று சுருக்கிச் சொல்வோர் உண்டு. தியாகம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவோரும் உண்டு. இரு கூற்றுகளும் அவர் எடுத்த முடிவின் அமைப்பை ஆராய்வதில்லை. கோபிநத்தத்தில் அவர் வாழ்ந்த காலத்தை இருக்கையின் நோக்கில் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஓர் அதிகாரி அலுவலகத்திலிருந்து ஆணையிடும்போது ஊர் பிந்திப் பேசுகிறது: ஆணையைக் கேட்டபின், எதை மறைப்பது, எதைச் சொல்வது என்று ஊர் தீர்மானிக்கிறது. ஊரிலேயே வாழ்பவர் அந்த வரிசையை மாற்றுகிறார். அவர் காத்திருக்க முடியும், கேட்க முடியும், பிறர் அசைந்தபின் அசைய முடியும். சிலர் சரணடைந்தது இந்த இருக்கையின் பயன். நம்பிக்கை என்னும் வலிய சீட்டு கோபிநத்தத்தில் வலியதாகவே இருந்தது. அதே சீட்டைக் காட்டுக்குள் எடுத்துச் சென்றபோது, இடமும் நேரமும் நிபந்தனையும் எதிர்த்தரப்பால் குறிக்கப்பட்டிருந்தன. ஸ்ரீநிவாஸ் தம் சீட்டைத் திறந்து காட்டிவிட்டு நடந்தார். எதிராளி அதைக் கண்டபின் தம் செயலைத் தீர்மானித்தார். ஊரிலிருந்து காட்டுக்கு நடந்த அந்தத் தொலைவில் அவருடைய பண்பு மாறவில்லை, நோக்கம் மாறவில்லை. இருக்கை மாறிற்று.

2004இல் நடந்தது இதன் மறுதலை. கே. விஜயகுமார் தலைமையிலான தமிழக அதிரடிப்படை, காட்டுக்குள் மேலும் ஆள் அனுப்புவதோடு நில்லாமல், வீரப்பனைக் காட்டிலிருந்து வெளியே வரச் செய்யும் வழியைத் தேடியது. கண் சிகிச்சை அவருக்குத் தேவைப்பட்டது. அக்டோபர் 18 இரவு தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே, அவரும் கூட்டாளிகள் மூவரும் வந்த மருத்துவ ஊர்தியை ஓட்டியவரே காவல்துறையைச் சேர்ந்தவர். சாலை எது, ஊர்தி எங்கு நிற்கும், யார் காத்திருக்கிறார்கள் என்பவை அனைத்தும் இம்முறை மறுதரப்புக்குத் தெரிந்திருந்தன. அந்த மரணங்கள் நிகழ்ந்த விதம் குறித்து மனித உரிமை அமைப்புகள் ஐயம் எழுப்பின என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இங்குக் கவனிக்கத்தக்கது, அரசின் படைவலிமை 1993இல் இருந்ததைவிடத் திடீரெனப் பெருகியதால் இது கைகூடவில்லை என்பது. முந்திப் பேச வேண்டியவர் யார் என்பது மாறியதால் கைகூடியது.

ஆயினும் இந்த ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. முறியும் இடத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. போக்கர் மேசையில் அமர்ந்தவர் அனைவரும் விரும்பி அமர்ந்தவர், பணயம் அவரவருடையது. மாதேசுவர மலைப்பகுதியில் அவ்வாறில்லை. முந்திப் பேசும் இருக்கையின் குறையைப் பெரிய பந்தயத்தால் ஈடுசெய்யலாம் என்னும் அந்த இரண்டாம் வழியை அரசு 1993க்குப் பின் கையாண்டது. ஆனால் மேசையில் வைக்கப்பட்ட சில்லுகள் மலைக்கிராம மக்களின் வாழ்வாக இருந்தன. தடா சட்டத்தின்கீழ் சிறைப்பட்டோருள் பெரும்பாலோரை மைசூர்ச் சிறப்பு நீதிமன்றம் 2001இல் விடுவித்தது. அதற்குள் பலர் எட்டாண்டுகள் வரை சிறையில் கழித்திருந்தனர். அதிரடிப்படையினரின் சித்திரவதை பற்றிய முறையீடுகளை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைத்தது. பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் நால்வருக்கு விதித்த மரண தண்டனையை அதே நீதிமன்றம் 2014இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இவர்களுள் மிகப் பலர்க்குக் கையில் சீட்டே இல்லை. கூட்டம் வந்து கேட்டால் அரிசி கொடுக்க வேண்டும். படை வந்து கேட்டால் கொடுத்ததற்கு விடை சொல்ல வேண்டும். இருவர்க்கும் முன்னதாகப் பேச வேண்டிய இருக்கை எப்போதும் அவர்களுடையதாக இருந்தது. அவர்களுக்கு வில்லை ஒருபோதும் நகரவில்லை.

மற்றொரு பாடம் ஆட்டத்திலிருந்து கொள்ளத்தக்கது. போக்கர் திறனா, சூதா என்பதில் இந்திய நீதிமன்றங்கள் ஒத்த கருத்துடையனவாக இருந்ததில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதனை வாய்ப்பை நம்பிய ஆட்டமாகக் கண்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ரம்மியையும் போக்கரையும் தடைசெய்த தமிழகச் சட்டப்பகுதியை ஏற்கவில்லை. இப்பூசலின் அடியில் ஓர் அறிவுச் சிக்கல் உள்ளது: ஒரு முடிவின் தரமும் அதன் விளைவும் வேறு வேறு. ஏஸ் ஜோடி பிடித்து, ராஜா ஜோடிக்கு எதிராக எல்லாவற்றையும் வைத்தவர், ஐந்தில் ஒருமுறைக்குச் சற்றுக் குறைவாகத் தோற்பார். தோற்றதனாலேயே அவர் முடிவு தவறாகிவிடாது. வரலாறு எழுதுவோர் இதை எளிதில் மறந்துவிடுகிறோம். 1991இன் முடிவை 2004இல் அறிந்தவற்றால் அளக்கிறோம்.

அவ்வாறாயின் ஸ்ரீநிவாஸின் முடிவை எங்ஙனம் மதிப்பிடுவது? அவர் முன்னிருந்த சான்றுகளைக் கொண்டு பார்த்தால், பேச்சுவார்த்தையால் சரணடைவு நிகழும் என்பது வெறுங்கனவன்று. முன்னரே சிலர் சரணடைந்திருந்தனர். அந்த முறையைத் தேர்ந்தெடுத்தது சரி. சரணடைவின் இடத்தை எதிர்த்தரப்பு குறிக்க விட்டது ஒன்றே ஆய்வுக்குரியது. சந்திப்பு கோபிநத்தத்தில்தான் என்று வற்புறுத்தியிருந்தால் வீரப்பன் வராமலே போயிருக்கக்கூடும். அதுவும் ஒரு விடையாகவே இருந்திருக்கும். உயிர் கேட்காத விடை. இவ்வளவே ஆட்டக் கோட்பாடு சொல்ல முடியும். ஆயுதமின்றி நடந்த அந்த மனிதருக்கு வெற்றி என்பது எதிராளியை வீழ்த்துவதாக இருந்திருக்கவில்லை. இருவரும் பிழைத்து எழும் முடிவு ஒன்றை அவர் நாடினார். ஒருவர் இழப்பே மற்றவர் ஈட்டமாகும் ஆட்டத்தின் கணக்கில் அதற்கு இடமில்லை.

இன்று கோபிநத்தம் காவிரி வனவிலங்கு சரணாலயத்தைக் காண வருவோர் தங்கும் ஊர்களுள் ஒன்று. ஸ்ரீநிவாஸை ஊர் இன்றும் போற்றுகிறது. அரசின் பெயரால் அக்காட்டுக்குள் நுழைந்தவர் பலர். அவர்களுள் ஊர் தன்னவராக ஏற்றுக்கொண்டவர், ஊரில் அமர்ந்து, ஊர் பேசும்வரை கேட்டிருந்தவர். காட்டில் அவர் இழந்ததை மட்டும் எழுதி முடிப்பவர்கள், கோபிநத்தத்தில் அவர் ஈட்டியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.